தேங்கிய கடிதங்களின் வரிசை

மின்னஞ்சல் சர்வரில் ரசிக்கத்தக்க பகுதி அதன் வரிசை. உடனே போய்ச்சேர முடியாத கடிதங்கள் அங்கே காத்திருக்கும். எதிர்முனை சர்வர் தரும் மூன்றிலக்க எண்ணைப் பொறுத்தது அவற்றின் கதி: 4-இல் தொடங்கினால் பிறகு வரலாம், 5-இல் தொடங்கினால் வரவே வேண்டாம். ஜான் போஸ்டல் 1982-இல் எழுதிய எஸ்.எம்.டி.பி. நெறிமுறையிலேயே இந்தப் பாகுபாடு உண்டு.

வீட்ஸ வெனிமா ஐ.பி.எம். ஆய்வகத்தில் உருவாக்கி 1998-இல் வெளிவந்த போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருள், இந்தக் காத்திருப்பை நேர்த்தியாகக் கையாள்கிறது. அதன் இயல்பான அமைப்பில் மறுமுயற்சிக்கு முன் குறைந்தது 300 விநாடி இடைவெளி. போகப்போக அது 4,000 விநாடிவரை நீளும். ஐந்து நாளாகியும் சேராத கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும்.

நிர்வாகியின் கைத்திறன் இந்த வரிசையைப் படிப்பதில் இருக்கிறது. தேங்கியவை யாவும் ஒரே டொமைனுக்கு உரியவை என்றால் கோளாறு பெரும்பாலும் அந்தப் பக்கம். எல்லா டொமைன்களுக்குமே தேங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, டொமைன்களின் முகவரியைத் தேடித்தரும் சொந்த டி.என்.எஸ்.ஸை. ஒரே ஊழியர் கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கில் குவிந்தால் கடவுச்சொல் களவுபோயிருக்கும். ஒவ்வொரு கடிதத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. அதை லாகில் தேடினால், வந்தது முதல் நின்றதுவரை முழுப் பயணமும் வரிவரியாகக் கிடைக்கும்.

ரீஸ்டார்ட் செய்வதால் வரிசை கரையாது. அது டிஸ்கில் இருக்கிறது. தேங்கியவற்றை அடிக்கடி வலிந்து தள்ளிவிட்டாலோ மற்றக் கடிதங்களும் தாமதமாகும். டிஸ்கில் இடமிருந்தும் கடிதம் ஏறவில்லை என்றால் கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் ஐநோடு தீர்ந்திருக்கலாம்: சின்னஞ்சிறு கோப்புகள் பெருகும் இடத்தில் இது சகஜம், பலர் கடைசியாகத்தான் பார்ப்பார்கள்.