பூனைக்குட்டிகளை யார் எழுதுவது?

கடந்த ஐப்பசியில், அடைமழை தொடங்கிய வாரம், எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பூனை மூன்று குட்டிகள் போட்டது. நாங்கள் வளர்த்த பூனை அல்ல. மீன் கழுவும் நாட்களில் மட்டும் கொல்லைப்பக்கம் வந்துபோகும் சாம்பல்நிறப் பூனை. "பூனை குட்டி போட்டா ஏழு வீடு மாத்தும்டே. கைய வச்சிராத, மனுச வாசம் பட்டா தூக்கிட்டுப் போயிரும்" என்றாள் அம்மா. நாங்கள் தொடவில்லை. ஆறாம் நாள் காலை அது தெருமுனையில் வண்டியில் அடிபட்டுக் கிடந்தது. குட்டிகளை வீடு மாற்ற ஆளில்லாமல் போனது.

கால்நடை மருத்துவர் சொன்னவற்றை ஒரு காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பசும்பால் கூடாது, வயிற்றால் போகும். பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடரைக் கரைத்து, ஊசியைக் கழற்றிய சிரிஞ்சில், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ராத்திரியும் சேர்த்து. மனிதக் குழந்தையைப் போல மல்லாக்கப் போட்டு ஊட்டக்கூடாது, குப்புற வைத்துத்தான். இல்லையென்றால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். உடம்பு சில்லிட்டிருந்தால் ஊட்டவே கூடாது, முதலில் சூடேற்ற வேண்டும். குடித்து முடித்ததும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிட வேண்டும். தாய் நக்கிவிடாமல் அந்த வயதில் தானாக மூத்திரம் போகாது. தினமும் எடை பார்க்க வேண்டும், பத்துப் பதினைந்து கிராமாவது ஏறியிருக்க வேண்டும். நூற்றைம்பது கிராம் உயிருக்கு இவ்வளவு சட்டதிட்டம்.

இரண்டு மணி ஊட்டலுக்கும் ஐந்து மணி ஊட்டலுக்கும் நடுவே தூக்கம் வராது. அலமாரியில் இருந்த பூனைப் புத்தகங்களை எடுத்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தேன். புத்தகங்களைப் பற்றிப் பல வருடங்களாக எழுதிக்கொண்டிருப்பவன் நான். இவற்றையும் எப்போதோ ரசித்து வாசித்தவன்தான். ஆனால் முன்பு ரசித்த இடங்களில் இப்போது எரிச்சல் வந்தது. முன்பு தாண்டிப்போன இடங்களில் நின்றுவிட்டேன். அந்த இடமாற்றத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நட்சுமே சொசெகி. 1905, 1906 ஆண்டுகளில் தொடராக வந்த அவருடைய 'நான் ஒரு பூனை' நாவலின் கதைசொல்லி, ஒரு கைவிடப்பட்ட குட்டி. எங்கே பிறந்தது என்று அதற்குத் தெரியாது. ஏதோ இருண்ட, ஈரமான இடத்தில் கத்திக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது. ஒரு வீட்டுக்குள் நுழைகிறது. வேலைக்காரி திரும்பத் திரும்பத் தூக்கி வெளியே எறிகிறாள். கடைசியில் வீட்டுக்காரர், இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார். அவ்வளவுதான் அதன் குட்டிப்பருவம். சில பக்கங்களுக்குள் அது வளர்ந்து, மெய்ஜி கால அறிவுஜீவிகளைப் பகடி செய்யும் தத்துவவாதி ஆகிவிடுகிறது. கடைசிவரை அதற்குப் பெயர் கிடையாது.

முதல் வாசிப்பில் அந்தப் பகடிதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இப்போது என்னை உறுத்தியது வேறொரு கேள்வி. வெளியே எறிந்த குட்டி உள்ளே வந்த பிறகு, அதற்கு யார் சோறு வைத்தார்கள்? அந்த வேலைக்காரிதானே வைத்திருக்க வேண்டும்? நாவல் அவளைக் குட்டியின் எதிரியாகத்தான் காட்டுகிறது. பராமரிப்பவளின் கை பகடிக்கு உதவாது. எனவே அது கதையிலிருந்து மறைந்துவிடுகிறது. இதை நாவலின் தோல்வி என்று சொல்லமாட்டேன். பூனையை ஒரு கண்ணாகப் பயன்படுத்தும் நாவலுக்கு அதன் வயிறு தேவைப்படவில்லை.

ஆனால் சொசெகி இன்னொன்றும் எழுதியிருக்கிறார். நாவலுக்குக் காரணமான நிஜப் பூனை 1908ல் செத்தது. அதைப் பற்றி 'பூனையின் கல்லறை' என்று ஒரு சிறிய கட்டுரை. பூனை மெலிகிறது, வாந்தி எடுக்கிறது, ஒரு மூலையில் சுருண்டு கிடக்கிறது. வீட்டில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, எழுதுகிறவர் உட்பட. செத்த பிறகு மனைவி திடீரென்று பரபரப்பாகிறார், நடுகட்டை வாங்கிவரச் சொல்கிறார். குழந்தைகள் பூ வைக்கிறார்கள். அதுவரை இல்லாத பிரியம் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. சொசெகி எதையும் விளக்குவதில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்வதும் இல்லை. ஊரைச் சிரிக்கவைத்த பூனை வீட்டில் எப்படிச் செத்தது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். அந்தப் பெரிய நாவலை விட இந்தச் சில பக்கங்களைத்தான் நான் இப்போது மேலாக வைப்பேன்.

ஏன் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒன்பதாம் நாள் ராத்திரி, மூன்றில் நோஞ்சானாக இருந்த கறுப்புக்குட்டி சில்லிட்டிருந்தது. மடியில் வைத்துச் சூடேற்றக் கொஞ்ச நேரம் ஆகும். ஃப்ரிட்ஜ் கதவில் என் கையெழுத்தில்தான் ஒட்டியிருந்தது. எனக்குத் தூக்கம். சீக்கிரம் முடித்துவிட்டுப் படுக்கலாம் என்று ஊட்டிவிட்டேன். காலையில் அது விறைத்துக் கிடந்தது. அப்படி ஊட்டாமல் இருந்தால் பிழைத்திருக்குமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். முருங்கை மரத்தடியில் புதைத்தபோது நானும் ஒரு செம்பருத்தியைப் பறித்து வைத்தேன். வைத்த கையோடு சொசெகியின் வீடு ஞாபகம் வந்து கூசிப்போனது.

அடுத்து டோரிஸ் லெஸ்ஸிங்கின் 'பர்டிகுலர்லி கேட்ஸ்' (1967). பூனைகளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் கொஞ்சல் இல்லாத புத்தகம் இது. தென் ரொடீசியாவில் அவர் வளர்ந்த பண்ணையில், அளவுக்கு மீறிப் பிறக்கும் குட்டிகளை அப்புறப்படுத்துவது அம்மாவின் வேலை. ஒரு கட்டத்தில் அம்மா அந்த வேலையை நிறுத்திவிடுகிறார். பூனைகள் பெருகி நாற்பதை எட்டுகின்றன. அப்பா துப்பாக்கியை எடுக்கிறார். அதுவரை வீட்டில் யார் கண்ணிலும் படாமல் ஒரு பெண் செய்துவந்த கொலை, அவள் கைவிட்டதும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. குட்டிகளின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதும் வீட்டுவேலைதான், பாத்திரம் கழுவுவதைப் போல. இதை இவ்வளவு நேராகச் சொன்ன எழுத்தாளர் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். சிரிஞ்சைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே சொன்னாள்: "எங்க ஆச்சி சாக்குல கட்டி வாய்க்காலுக்கு அங்கிட்டு விட்டுட்டு வருவா. ஒருதடவ என்னைய விட்டுட்டு வரச் சொன்னா. எனக்கு பன்னெண்டு வயசு."

"விட்டுட்டு வந்தியா?"

"விடுறதுன்னு சொல்லுவோம். அவ்ளோதான்."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. மூன்று மணி ஊட்டலுக்கு என்னை எழுப்பாமல் அவளே ஏன் பலநாள் எழுந்துகொண்டாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, நம் மரபில் பூனைக்குட்டி எங்கே இருக்கிறது? பழமொழிகளில் பூனை திருடன், அல்லது மதில் மேல் நிற்கும் சந்தர்ப்பவாதி. மாமல்லபுரத்துப் பாறையில் அது எலிகளுக்கு நடுவே கைதூக்கித் தவம் செய்யும் போலிச் சாமியார். கம்பரின் அவையடக்கத்தில் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புறப்பட்ட பேராசைக்காரப் பூனை. இவையெல்லாம் வளர்ந்த பூனைகள். குட்டிக்குக் கிடைத்த பெரிய இடம் வைணவத்தின் மார்ஜார நியாயம். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்கிறது. பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்கிறது. தென்கலை மரபு சரணாகதிக்கு இந்த இரண்டாவதை உவமையாகக் கொண்டது.

உவமையில் ஒரு நுட்பமான கவனிப்பு இருக்கிறது. தாய் பிடரியைக் கவ்வியதும் குட்டி உண்மையாகவே உடம்பைத் தளர்த்திக் கால்களைச் சுருக்கிக்கொள்ளும். ஆனால் அது பாதி உண்மைதான். கண் திறக்காத குட்டி சும்மா இருப்பதில்லை. சூடு இருக்கும் திசையைக் கண்டுபிடித்து ஊர்கிறது, முன்கால்களால் மடியைப் பிசைகிறது, அந்த உடம்பில் இருக்கமுடியாத குரலில் கத்துகிறது. அந்தக் கத்தல்தான் தாயைக் கொண்டுவருகிறது. தாய் செத்த பிறகு, எதிர்வீட்டு மாடியில் தூங்குபவரைக்கூட எழுப்புகிறது. இறையியலைத் திருத்துவது என் வேலை அல்ல. ஓர் உவமையாக மட்டும் பார்த்தால், குட்டியை முழுக்கச் செயலற்றதாகக் காட்டிய கை, குட்டி வளர்த்த கை அல்ல என்று தோன்றுகிறது.

வளர்த்த கை, குறைந்தபட்சம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கண், ஓரிடத்தில் இருக்கிறது. புறநானூற்றின் 117ஆம் பாட்டு. கபிலர் பாரியின் நாட்டைப் பாடுகிறார். கோள்கள் நிலைதிரிந்து பஞ்சம் வரும் அறிகுறி தோன்றினாலும் அந்த நாட்டில் மழை தவறியதில்லை, முல்லை அரும்பியது என்கிறார். அந்த அரும்பு எதைப் போல இருந்தது? காட்டுப்பூனைக் குட்டியின் முள் போன்ற பல்லைப் போல. தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைக்குக் குட்டி என்ற பெயரை உரியதாக்குகிறது. கபிலரோ 'பிள்ளை வெருகு' என்கிறார். குறுந்தொகை 107லும் சேவலைச் சபிக்கும் தலைவி அப்படித்தான் சொல்கிறாள். இலக்கணத்தை விட வாய் பிரியமாக இருந்திருக்கிறது.

மாணவனாக இந்த உவமையைப் படித்தபோது, வெண்மைக்கும் கூர்மைக்கும் சொன்னது என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். மூன்றாவது வாரம் கடந்து, மிஞ்சிய இரண்டில் சாம்பல்குட்டி ஒருநாள் சிரிஞ்சைக் கடித்து இழுத்தது. வாயைத் திறந்து பார்த்தேன். இளஞ்சிவப்பு ஈறில் அரிசிக்குறுணையளவு வெள்ளை முனைகள். பிழைத்துவிடும் என்று முதல்முறையாக நம்பிய நாள் அது. கபிலரின் உவமை நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் சொல்லவில்லை. இரண்டுமே கெட்ட காலத்தைத் தாண்டி முளைத்தவை. வானம் பொய்க்கவில்லை என்பதற்கு முல்லை அரும்பு சாட்சி. பால் கிடைத்தது என்பதற்குக் குட்டியின் பல் சாட்சி. கபிலர் இதைப் பாடியபோது பாரி இல்லை. அவனுடைய இரண்டு மகள்களின் பொறுப்பு அவர் தலையில் இருந்தது. தாயற்றதை வளர்ப்பது என்றால் என்னவென்று தெரிந்த ஒருவர் எழுதிய வரியாகத்தான் இனி என்னால் இதை வாசிக்க முடியும்.

மஞ்சள் குட்டியைத் தெரிந்த வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. சாம்பலுக்கு ஆறு மாதம் ஆகப்போகிறது. அடுத்த வாரம் கருத்தடை ஆப்பரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறோம். தன் சாம்பல்நிறப் பூனைக்கு அதைச் செய்துவிட்டு, அது மாறிப்போனதை லெஸ்ஸிங் குற்றவுணர்வோடு எழுதியிருக்கிறார். நேற்று அம்மா கேட்டாள்: "ஒரு தடவையாவது பெத்துக்க விடலாம்லாடே?"

வாய்க்காலுக்கு அங்கிட்டு விடுவதை விட இது மேல் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாததா? அவள் மடியில் அது, முன்கால்களால் சேலையைப் பிசைந்துகொண்டு, தூங்கியும் தூங்காமலும் கிடந்தது.