நீர்மட்டத்தில் வாயில் எது: ஸ்நோர்க்கலா, ரெகுலேட்டரா?

ஸ்கூபா சாமான்களில் அதிகம் கேலிக்கு ஆளாவது ஸ்நோர்க்கல்தான். முதுகில் காற்று நிரம்பிய சிலிண்டர் இருக்க, பிளாஸ்டிக் குழாய் எதற்கு என்று அனுபவசாலிகள் அதைக் கரையிலேயே விட்டுவிடுவார்கள். கற்பிட்டிக்கு அப்பால் உள்ள பார் ரீஃப் பக்கம் போகிறவர்கள் மட்டும் சற்று யோசிக்க வேண்டும்.

1992இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தப் பவளப்பாறைத் தொகுதி 300 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமானது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் இறங்கத் தோதாக இருக்கும். அப்போதும் காற்று எழும்பினால் சிற்றலைகள் முகத்தில் அடித்துக்கொண்டேயிருக்கும். மேலே வந்த சுழியோடி படகுக்காகக் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் இரண்டு கருவிகளின் தரமும் வெளிப்படுகிறது.

சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டருக்கே முதல் மதிப்பெண். அலை தலைக்கு மேல் போனாலும் அது காற்றையே தரும். ஆனால் வாயிலிருந்து எடுத்து அப்படியே விட்டால், வாய்ப்பகுதி மேல்நோக்கித் திரும்பிக் காற்று சீறிக்கொண்டு வெளியேறும். வாய்ப்பகுதியைக் கீழ்நோக்கிக் கவிழ்த்துப் பிடித்தால் அடங்கிவிடும். பக்கத்தில் சிறு நெம்புகோல் உள்ள மாதிரிகளில், நீர்மட்டத்தில் இருக்கும்போது அதைக் குறைந்த ஓட்டத்துக்குத் திருப்பி வைக்கலாம். வாடகைக்கு எடுக்கும்போது இதையும், வாய்ப்பகுதியை இறுக்கியிருக்கும் பிளாஸ்டிக் பட்டியையும் பார்த்து வாங்குவது நல்லது.

காற்று எவ்வளவு நேரம் தாங்கும்? பரவலாகப் புழங்கும் 11 லீற்றர் அலுமினிய சிலிண்டரில் 50 பார் மிச்சமிருந்தால், கையில் இருப்பது சுமார் 550 லீற்றர். அமைதியாக மிதப்பவர் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுத்தால் 25 நிமிடத்துக்கு மேல் ஓடும். அதே ஆள் நீரோட்டத்தை எதிர்த்துப் படகை நோக்கி மூச்சிரைக்க நீந்தி 50 லீற்றர் இழுத்தால் 11 நிமிடம்தான். சிலிண்டரில் இருப்பது ஒட்சிசன் அல்ல, அழுத்தப்பட்ட சாதாரணக் காற்று. அதனால் மேலே வந்தபின் அதையே உறிஞ்சிக்கொண்டிருந்தால் உடம்பில் சேர்ந்த நைதரசன் சீக்கிரம் கழியும் என்பதும் இல்லை. கடலட்டைக்கும் சங்குக்கும் ஒரே நாளில் பல சிலிண்டர் மாற்றி இறங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்நோர்க்கல் காற்றைச் செலவழிக்காது. எளிய வளைகுழாய்தான் நம்பகமானது. உச்சியில் மிதவை அடைப்பான் வைத்த விலை கூடிய வகை, அலை வந்ததும் மூடிக்கொண்டு மூச்சைப் பாதியில் நிறுத்தும். அடியிலுள்ள நீர்வடி வால்வில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் கசியும். குழாயில் தங்கும் பழைய காற்றையும் மறுபடி இழுப்பதால், பதறிக் குறுமூச்சு விடுகிறவருக்கு எந்த வகையும் சரிவராது. ஆழமாக, மெதுவாக இழுக்க வேண்டும். முழுமுகத்தையும் மூடும் புதிய மாஸ்க்குகள் ஸ்கூபாவுக்கு உதவாது. ரெகுலேட்டரை வாயில் வைக்கவே இடமில்லை.

பழக்கம் இப்படி அமைந்தால் போதும்: மேலே வந்ததும் முதல் வேலை மிதவைச் சட்டையில் காற்றேற்றுவது. ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும். கடல் தட்டையாக, படகு தொலைவில் இருந்தால் மட்டும் ஸ்நோர்க்கலுக்கு மாறலாம்.

சுருட்டி வைக்கக்கூடிய சிலிக்கோன் ஸ்நோர்க்கலைப் பலர் மிதவைச் சட்டைப் பையில் திணிக்கிறார்கள். ஏணியில்லாத ஃபைபர் படகில் அது வம்பு. அங்கே ஈயப்பட்டியை முதலில் கழற்றிக் கொடுப்பார்கள்; அடுத்து சட்டையும் சிலிண்டரும் ஒன்றாக மேலே போகும். ரெகுலேட்டரும் கூடவே போய்விடும். விளிம்பைப் பிடித்தபடி தன் முறைக்குக் காத்திருப்பவருக்கு மூச்சுக்கென்று மிஞ்சுவது ஸ்நோர்க்கல் மட்டும்தான். ஆகவே அது மாஸ்க் பட்டியின் இடப்பக்கமோ, காற்சட்டைப் பையிலோ இருக்க வேண்டும்.