வெற்றுத்தாள்களின் சாட்சியம்: யூத சமய நூல்களும் உடைமைக் குறிப்புகளும்

யூத சமயப் பழநூல்களைத் திரட்டும் துறையில், நூலின் பாடத்துக்கு இணையாக அதன் முன்பின் வெற்றுத்தாள்களும் ஆராயப்படுகின்றன. அட்டையின் உட்புறம் ஒட்டிய பெயர்ச்சீட்டு, தொழுகைக்கூடத்தின் முத்திரை, பிள்ளைகள் பிறந்த நாளைத் தகப்பன் எழுதிவைத்த வரி முதலியவை உடைமைக் குறிப்புகள் எனப்படும். இத்தாலியில் திருச்சபையின் ஆணைப்படி எபிரேய நூல்களை வாசித்து, ஒவ்வாத வரிகளை மையால் அடித்த தணிக்கையாளர்கள் கடைசித் தாளில் ஆண்டோடு ஒப்பமிட்டுள்ளதால், அந்நூல் அப்போது எப்பகுதியில் இருந்தது என்பதை அதைக்கொண்டே அறியலாம்.

இந்தியாவில் இத்துறைக்குரிய களம் கொச்சி. ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு இரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமை அளித்த செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது என்பதால், கொச்சி யூதர்களின் வரலாறு தமிழறிஞருக்கும் உரியதே. ஆம்ஸ்டர்டாம் வணிகர் மோசே பெரெய்ரா டி பாய்வா 1686இல் கொச்சி யூதர்களைக் கண்டு எழுதிய அறிக்கை மறு ஆண்டில் அச்சாயிற்று. பின்னர் டச்சுக் கப்பல்கள் வழியே எபிரேய நூல்கள் கொச்சியை அடைந்தன. அந்நூல்கள் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குக் கைமாறிய வரலாற்றுக்குத் தாளோரக் கையெழுத்துகளே ஆதாரம்.

தோராச் சுருள், அதாவது மோசேயின் ஐந்நூல்களைத் தோலில் கையால் எழுதிய சுருள், இதற்கு விலக்கு. மூலபாடத்துக்குப் புறம்பான எதையும் அதில் எழுதலாகாது என்பதால், வழங்கியவரின் பெயர் சுருளை வைக்கும் பேழையிலோ அதன் வெள்ளி அணிகளிலோதான் பொறிக்கப்படும்; பேழை பிரிந்தால் பெயரும் பிரிந்துவிடும். கிளாடியஸ் புக்கனன் என்னும் ஸ்காட்லாந்துக் குரு 1806 முதல் 1808 வரையிலான காலத்தில் கொச்சியில் திரட்டிய சுவடிகளுள், செஞ்சாயமிட்ட ஆட்டுத்தோல்களைத் தைத்து இணைத்த ஒரு சுருளும் உண்டு. இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ள அவை புக்கனன் சுவடிகள் என்றே வழங்குகின்றன. தலைமுறைகளாகக் காத்தவர்கள் பெயரற்றுப்போக, கொண்டுசென்றவர் பெயர் நிலைத்திருப்பது நியாயமன்று.

1950களில் கொச்சி யூதர் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது, பெண்கள் மலையாளப் பாடல்களை எழுதிவைத்த கையேடுகளையும் உடன் கொண்டுசென்றனர். அச்சு நூல்களைவிட இக்கையேடுகளே குடும்ப வரலாற்றுக்கு நெருக்கமானவை எனலாம்.

உடைமைக் குறிப்பின் முழுப் பயனை உலகம் உணர்ந்தது 1946இல். நாஜிகள் கொள்ளையிட்ட நூல்கள் குவிந்த ஜெர்மனியின் ஓஃபன்பாக் கிடங்கில், ஐசக் பென்கோவிட்ஸ் என்னும் அதிகாரி முத்திரைகளையும் பெயர்ச்சீட்டுகளையும் படமெடுத்தார். எபிரேயம் அறியாத பணியாளர் ஒவ்வொருவரும் சில முத்திரைகளின் வடிவத்தை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டு, அவை தென்பட்ட நூல்களைப் பிரித்தெடுத்தனர்; இவ்வாறு பல லட்சம் நூல்கள் உரிய நாடுகளுக்குத் திரும்பின.

ஏடு தந்தவர்களின் பெயரையும் ஊரையும் உ.வே. சாமிநாதையர் தம் பதிப்பு முன்னுரைகளில் பதிந்த தமிழ்நாட்டுக்கு இவ்வொழுக்கம் புதிதன்று. ஆனால் பழைய விவிலியமோ செபப் புத்தகமோ மறுபடி அட்டை கட்டப் போகும்போது, கிறுக்கல் உள்ள தாள் என்று முன்தாள் கிழித்தெறியப்படுவது இங்கே இன்னும் நிற்கவில்லை. திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டச் சிற்றூர்களிலும் பாட்டன் பூட்டன் காலத்துச் சமய நூல்களை வைத்திருப்போர், அவற்றைப் பழைய பேப்பர் கடையில் போடுமுன், முதல் தாளையும் கடைசித் தாளையும் படமெடுத்துவைக்க வேண்டும். நூல் கட்டுபவரிடம் கொடுத்தால் அத்தாள்களையும் சேர்த்தே கட்டச் சொல்ல வேண்டும்.