1884ஆம் ஆண்டின் இரு சட்டங்களும் வெம்பக்கோட்டையும்: உள்ளூர் அதிகாரம் குறித்த ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

சென்னை மாகாணத்தின் உள்ளாட்சி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் தொடங்கி, 1884இல் இயற்றப்பட்ட சென்னை உள்ளூர் வாரியங்கள் சட்டத்திற்கு (சட்டம் 5) வந்து சேர்வர். ஊருக்கு அதிகாரம் வழங்கப்பட்ட வரலாறாக இது எடுத்துரைக்கப்படுகிறது. அதே ஆண்டில் இந்திய அரசு இயற்றிய வெடிபொருள் சட்டம் (சட்டம் 4) இவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே வாசித்தாலன்றி, பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் வெம்பக்கோட்டை வட்டாரத்தில் உள்ளூர் அதிகாரத்தின் எல்லை விளங்காது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இரு சட்டங்களின் அதிகாரப் பகிர்வு

உள்ளூர் வாரியங்கள் சட்டம் மாவட்ட வாரியம், தாலுகா வாரியம், யூனியன் பஞ்சாயத்து என மூன்று அடுக்குகளை நிறுவியது. சாலை, விளக்கு, துப்புரவு, பள்ளி, மருத்துவமனை ஆகியன அவற்றின் பொறுப்பில் வந்தன. யூனியன்கள் வீட்டுவரி தண்டலாயின. மாவட்ட வாரியத்தின் தலைமை ஆட்சியரிடமே இருந்தது. வெடிபொருள் சட்டமோ, வெடிபொருளை உற்பத்தி செய்யவும் வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என விதி வகுக்கும் அதிகாரத்தை அரசிடமே நிறுத்தியது. உரிமம் வழங்குவதில் வாரியங்களுக்குப் பங்கு தரப்படவில்லை. அன்றாடக் கடமைகளை ஊரிடம் ஒப்படைத்த அரசு, ஆபத்தான தொழிலுக்கு இசைவளிக்கும் உரிமையை ஒப்படைக்கவில்லை.

அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த வெம்பக்கோட்டைக்கு இப்பகிர்வின் விளைவு பின்னரே வந்து சேர்ந்தது. 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்குப் பின் சிவகாசி வட்டாரத்தில் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் பெருகின. வாரியச் சட்டத்தின் இடத்தில் 1920இல் புதிய சட்டம் வந்தது. வெடிபொருள் சட்டம் திருத்தங்களுடன் நீடித்தது. 2008ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரே நேரத்தில் 15 கிலோகிராம் வரையிலான பட்டாசு உற்பத்திக்கு மாவட்ட நிர்வாகமும், 500 கிலோகிராம் வரை வெடிபொருள் கட்டுப்பாட்டு அலுவலரும், அதற்கு மேல் நாகபுரியிலுள்ள தலைமைக் கட்டுப்பாட்டு அலுவலரும் உரிமம் வழங்குவர்.

பாதிக்கப்படக்கூடியவர் யார்?

ஊராருக்குச் சட்டத்தில் இடமே இல்லை எனக் கூறுவது பொருந்தாது. விதிகளின் வரைவை, பாதிக்கப்படக்கூடியவர்கள் அறியுமாறு முன்னதாக வெளியிட வேண்டும் என்கிறது 18ஆம் பிரிவு. ஆலைக்கான தடையின்மைச் சான்று வழங்குமுன் பொதுமக்களின் ஆட்சேபணைகளைக் கேட்க வேண்டும் என்கின்றன 2008ஆம் ஆண்டு விதிகள். எனினும், இவ்வுரிமை ஆலை தொடங்குவதற்கு முந்தைய கட்டத்தோடு முடிகிறது. அதன்பின் உரிமதாரரும் அலுவலருமே தரப்பினர். உரிமம் பற்றிய பிரிவுகளில் உழைப்பவர் ஒரு தரப்பினராக இல்லை. விபத்தை அறிவிக்கக் கோரும் 8ஆம் பிரிவில், உயிரிழப்பு அல்லது கடுங்காயம் என்ற சொற்களுக்குள்தான் அவர் புலப்படுகிறார். தொழிலாளர் பாதுகாப்பைத் தொழிற்சாலைகள் சட்டம் (1948) தனியே கவனிக்கிறது என்பது உண்மையே. ஆயினும், உரிமம் யார் கையில் இருக்கிறது என்ற வினா அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

இவ்வினா வெறும் சட்ட நுட்பமன்று. 12.02.2021 அன்று அச்சங்குளத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உரிமம் பெற்ற ஆலை குத்தகைக்கு விடப்பட்டிருந்தமை பின்னர் வெளிப்பட்டது. ஒரு நபருக்கும் ஓர் இடத்திற்கும் நிபந்தனைகளுடன் அளிக்கப்படும் இசைவு, நடைமுறையில் வாடகை ஈட்டும் சொத்தாக மாறிவிடுகிறது. அம்மாற்றத்தை அன்றாடம் காண்பவர்கள் அங்கு வேலை செய்வோரும் ஊராருமே. அவர்கள் அறிந்ததை உரிமத்தின் மீதான நடவடிக்கையாக மாற்றும் வழியை 1884ஆம் ஆண்டின் பகிர்வு உருவாக்கவில்லை.

அவ்வாறாயின் உரிமம் வழங்கும் அதிகாரத்தையே ஊராட்சியிடம் அளிக்கலாமே எனின், அதுவும் தீர்வாகாது. வேதிப்பொருள் குறித்த தொழில்நுட்பத் தேர்ச்சி ஊராட்சியிடம் இல்லை. மேலும், ஆலைக்கூலியை நம்பியுள்ள ஊரில் உரிமையாளரை எதிர்த்து முடிவெடுப்பது எளிதன்று. உரிமதாரர் யார், அனுமதிக்கப்பட்ட அளவு எவ்வளவு, ஓர் அறையில் எத்தனை பேர் பணியாற்றலாம் என்னும் விவரங்கள் ஆண்டுதோறும் கிராம சபையின் முன் வைக்கப்படுவதும், அங்கு எழும் முறையீட்டை அலுவலர் குறித்த காலத்திற்குள் விசாரித்தாக வேண்டும் என்பதும் ஏற்கத்தக்க இடைவழியாகும்.

முடிவுரை

1884ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றான வரைவொன்று 2024இல் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்பட்டது. பழைய பகிர்வு புதிய சட்டத்திலும் தொடரலாமா என்ற வினாவை அது எழுப்புகிறது. இவ்வினாவை ஆராய, உள்ளாட்சி ஆய்வுகள் வாரியங்களுக்கு அளிக்கப்பட்ட அதிகாரங்களோடு, அளிக்காமல் நிறுத்திக்கொள்ளப்பட்ட இசைவுகளையும் தம் எல்லைக்குள் கொணர்தல் வேண்டும்.