கழித்த அட்டையில் கிடைத்த கோப்பை

2022 ஆகஸ்ட் கடைசியில் பாரிஸுக்கு அருகே நடந்த மகளிர் உலக அமெச்சூர் அணி கோல்ஃப் போட்டி இப்படி முடிந்தது: நான்கு நாள் ஆட்டத்துக்குப் பிறகு ஸ்வீடனும் அமெரிக்காவும் 559 என்ற ஒரே எண்ணில் நின்றன. பாரைவிட 13 குறைவு. முடிவு காண யாரையும் மறுபடி மைதானத்தில் இறக்கவில்லை. கடைசி நாளில் இரு அணிகளும் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிய மூன்றாவது வீராங்கனையின் அட்டையை எடுத்து ஒப்பிட்டார்கள். ஸ்வீடனின் அட்டையில் அடிகள் குறைவு. எஸ்பிரிட்டோ சாண்டோ கோப்பை ஸ்வீடனுக்குப் போனது.

அந்த அமெரிக்க அணியில் இருந்தவர்கள் ரோஸ் ஜாங், ரேச்சல் ஹெக், ரேச்சல் கியூன். ஜாங் அப்போது அமெச்சூர் தரவரிசையில் உலகின் முதலிடம். அவரும் ஹெக்கும் அமெரிக்கக் கல்லூரி கோல்ஃபின் தனிநபர் பட்டத்தை அடுத்தடுத்த ஆண்டுகளில் வென்றவர்கள். எதிரே இரண்டாம் இடத்தில் இருந்த இங்க்ரிட் லிண்ட்பிளாட், அவருடன் லூயிஸ் ரிட்க்விஸ்ட், இன்னும் கல்லூரி வாசலையே மிதிக்காத 17 வயது மேயா ஓர்டெங்ரென். பெயர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அமெரிக்காதான் ஜெயித்திருக்க வேண்டும். ஆனால் இந்தப் போட்டியில் பெயர்கள் பாதி வேலையைத்தான் செய்யும்.

ஏன் என்று புரிய விதியைப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டுக்கு மூன்று வீராங்கனைகள். நான்கு நாளும் மூவரும் 18 குழிகளை ஆடுவார்கள். ஒவ்வொரு நாளும் சிறந்த இரண்டு அட்டைகளே அணியின் கணக்கில் சேரும். ஆக மொத்தம் 12 அட்டைகள். எட்டு சேரும், நான்கு கழியும். ஒருவருக்கு மோசமான நாள் வாய்த்தால் அது மன்னிக்கப்படும். ஓர் அணி 69, 71, 80 என்று ஆடுகிறது, இன்னோர் அணியில் மூவரும் 72 என்று வைத்துக்கொள்வோம். முதல் அணிக்கு 140, இரண்டாவதற்கு 144. நிதானமாக ஆடிய மூவர் நான்கு அடி பின்தங்கிவிட்டார்கள். இதைப் பார்த்து இரண்டு நட்சத்திரங்கள் போதும் என்று முடிவு கட்டுகிறவர்கள் அடுத்த நாளைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த 80 மறுநாளும் 80 ஆக நீடித்து, 71 ஆடியவர் 77க்குச் சறுக்கினால் முதல் அணிக்கு 146. எதிரணி அதே 144இல் நிற்கிறது. நான்கு நாளில் யாராவது ஒருவர் சறுக்காத அணி அபூர்வம். அன்று கைகொடுக்க மூன்றாவது ஆள் தயாராக இருக்கிறாரா என்பதில்தான் இந்தப் போட்டி தீர்மானமாகிறது என்பது என் உறுதியான கருத்து.

கடந்த சில போட்டிகளே இதற்குச் சாட்சி. 2012இல் துருக்கியின் அண்டால்யாவில் தனிநபர் கணக்கில் முதலிடம் நியூசிலாந்தின் லிடியா கோவுக்கு. கோப்பையை வாங்கியதோ கிம் ஹியோ-ஜூ, பேக் கியூ-ஜங், கிம் மின்-சன் ஆடிய கொரியா. 2014இல் ஜப்பானின் கருயிசாவாவில் கனடாவின் புரூக் ஹெண்டர்சன் எல்லோருக்கும் முன்னால் நின்றார். கனடா இரண்டே அடியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. அந்த ஆஸ்திரேலிய அணியில் மின்ஜி லீ, சூ ஓ, ஷெல்லி ஷின். மின்ஜி லீயும் ஹெண்டர்சனும் பிறகு தொழில்முறை ஆட்டத்தில் மேஜர் பட்டங்களை வென்றார்கள். தனி ஆட்டத்தில் யார் மேல் என்று வாதிட இன்றும் இடமுண்டு. கருயிசாவாவில் அந்த வாதம் எழவில்லை. அங்கே ஒரு நாட்டின் எட்டு அட்டைகளை இன்னொரு நாட்டின் எட்டு அட்டைகள் வென்றன.

இந்தப் பாடம் முதல் போட்டியிலேயே இருந்தது. 1964இல் பாரிஸ் புறநகரான செயின்ட் ஜெர்மேனில் 25 நாடுகள் கூடின. பிரான்ஸ் 588, அமெரிக்கா 589. ஓர் அடி வித்தியாசம். பிரான்ஸுக்கு ஆடியவர்கள் குளோதின் குரோ, பிரிஜித் வராங்கோ, 19 வயது கேத்தரின் லாகோஸ்த். டென்னிஸ் ஜாம்பவான் ரெனே லாகோஸ்தின் மகள் இவர். மூன்று ஆண்டுகள் கழித்து அமெரிக்க மகளிர் ஓப்பனையே அமெச்சூராக வென்றார். இன்றுவரை வேறெந்த அமெச்சூரும் அதைச் செய்ததில்லை. ஆனால் அன்று அவரையும் தாங்கிப்பிடிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

தோற்ற அமெரிக்கா அதற்குப் பிறகு 1966 முதல் 1976 வரை ஆறு முறை தொடர்ந்து வென்றது. 1998க்குள் 13 கோப்பைகள். அப்புறம் 20 ஆண்டுகள் வறட்சி. அந்த நாட்டில் ஆள் பஞ்சமா என்றால் இல்லை. மற்ற நாடுகள் மூன்றாவது ஆளையும் உருவாக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. அதிலும் கொரியாவின் முறையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். தேசிய அணிக்குக் கீழே தேசிய இருப்பு அணி என்று இன்னோர் அடுக்கை வைத்திருக்கிறார்கள். பள்ளி வயதிலேயே சேர்ந்து, தேர்வுக்குத் தேர்வு ஏறி இறங்கி, முகாம்களில் ஒன்றாகவே பழகி வளர்கிறார்கள். மூவரில் ஒருவர் தொழில்முறைக்குப் போனால் காலியான இடத்துக்கு ஏற்கெனவே நால்வர் வரிசையில் நிற்கிறார்கள். 2010இல் புவனோஸ் அயர்ஸில் 17 அடி வித்தியாசம், 2016இல் மெக்சிகோவில் 21 அடி வித்தியாசம் என்பதெல்லாம் ஒரு நட்சத்திரம் தரக்கூடிய எண்களே அல்ல. மெக்சிகோவில் ஆடிய சோய் ஹே-ஜின் மறு ஆண்டே அமெரிக்க மகளிர் ஓப்பனில் அமெச்சூராக இரண்டாமிடம் பிடித்தார். உடன் ஆடிய பார்க் மின்-ஜி 2021இல் கொரியத் தொழில்முறைத் தொடரில் ஒரே பருவத்தில் ஆறு பட்டங்களை அள்ளினார்.

ஸ்வீடனின் வழி வேறு. சிறிய மக்கள்தொகை, பாதி ஆண்டு பனி. அவர்கள் தங்கள் பெண்களை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பி, அங்கே வாராவாரம் ஆடவிட்டு, போட்டி வரும்போது திரும்ப அழைத்துக்கொள்கிறார்கள். 2008இல் அடிலெய்டில் வென்ற மூவரைப் பாருங்கள். அரிசோனா ஸ்டேட்டில் படித்த அன்னா நோர்ட்க்விஸ்ட் அடுத்த ஆண்டே மேஜர் வென்றார். ஓக்லஹோமா ஸ்டேட் தோழிகளான கரோலின் ஹெட்வால், பெர்னிலா லிண்ட்பெர்க் இருவரில் ஹெட்வால் 2013 சோல்ஹைம் கோப்பையில் ஐந்து ஆட்டங்களில் ஐந்தையும் வென்றார். லிண்ட்பெர்க் 2018இல் எட்டு குழி நீண்ட பிளேஆஃபில் இன்பி பார்க்கையே வீழ்த்தி மேஜர் பட்டம் பெற்றார். இதில் மூன்றாவது ஆள் என்று யாரைச் சொல்வீர்கள்?

அமெரிக்கா 2018இல் அயர்லாந்தின் கார்ட்டன் ஹவுஸில் 10 அடியில் வென்று வறட்சியை முடித்ததும் இப்படியோர் அணியால்தான்: ஜெனிஃபர் கப்சோ, கிறிஸ்டன் கில்மன், லிலியா வூ. கப்சோ அடுத்த ஆண்டு அகஸ்டாவில் நடந்த முதல் மகளிர் அமெச்சூர் போட்டியை வென்றார். கில்மன் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தை இருமுறை வென்றவர். லிலியா வூ 2023இல் இரண்டு மேஜர்களை வென்று உலக முதலிடத்துக்கு ஏறியவர்.

இனி அந்தச் சமநிலை விதிக்கு வருவோம். ஸ்வீடன் இதே விதியால் ஒருமுறை அடிபட்டிருக்கிறது. 2006இல் ஸ்டெல்லன்போஷில் தென்னாப்பிரிக்காவும் ஸ்வீடனும் 566இல் சமமாக நின்றன. கடைசி நாள் கழித்த அட்டைகளில் தென்னாப்பிரிக்காவுடையது மேலாக இருந்தது. சொந்த மண்ணில் ஆஷ்லி சைமன், கெல்லி ஷீன், ஸ்டேசி பிரெக்மன் தங்கள் நாட்டுக்கு முதல் கோப்பையை வாங்கித் தந்தார்கள். பதினாறு ஆண்டுகள் கழித்து அதே விதி ஸ்வீடனுக்குக் கணக்கைத் தீர்த்துக்கொடுத்தது.

எண்ணாத அட்டையை வைத்துக் கோப்பை தருவது அநியாயம், பிளேஆஃப் வையுங்கள் என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. பிளேஆஃபில் நாடுகள் தங்கள் நட்சத்திரத்தை நிறுத்தும். நான்கு நாள் கட்டிய அணி ஆட்டம் ஒரே குழியில் தனிநபர் ஆட்டமாகச் சுருங்கிவிடும். கழித்த அட்டையைப் பார்க்கும் விதி மூவரையும் மதிக்கிறது. அணி ஏற்கெனவே இரண்டு நல்ல எண்களைப் பதித்துவிட்ட பிறகும், மூன்றாமவர் பதினெட்டாவது குழியில் இரண்டடி புட்டை அலட்சியமாகத் தட்டிவிட முடியாது.

ஆனால் விதி பாதிதான் போகிறது. கடைசி நாளின் கழித்த அட்டையை மட்டுமே ஒப்பிடுவது ஏன்? நான்கு நாளும் ஒவ்வோர் அட்டை கழிகிறது. முதல் நாள் காற்றில் ஒருவர் போராடி எடுத்த 74, கடைசி நாள் எடுத்த 74ஐவிட எந்த வகையில் தாழ்ந்தது? நான்கையும் கூட்டி ஒப்பிட்டால் சமநிலை உடைவது இன்னும் நியாயமாக இருக்கும். தினசரி மதிப்பெண் பலகையிலும் அந்தக் கூட்டலை நான்காவது வரியாகக் காட்டலாம். ஒலிம்பிக் ஆண்டுடன் மோதாமல் இருக்க 2023இல் அபுதாபியிலிருந்து போட்டியை ஒற்றைப்படை ஆண்டுகளுக்கு மாற்றியது சர்வதேச கோல்ஃப் கூட்டமைப்பு. அட்டவணையையே மாற்றத் துணிந்தவர்களுக்கு இந்த ஒரு வரியைத் திருத்துவது பெரிய வேலை இல்லை.