கணக்கில் வராத ஓட்டம்

2013இல் வெளிவந்த ‘எதிர்நீச்சல்’ திரைப்படத்தின் நாயகன் சென்னை மாரத்தானில் ஓடித் தன்னை நிரூபிக்கிறான். அவனுக்குப் பயிற்சி தருபவள் வள்ளி. ஒரு காலத்தில் ஓடி வென்றவள், பாலினப் பரிசோதனையின் பெயரால் எல்லாவற்றையும் இழந்தவள். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்று, அந்தப் பதக்கத்தைப் பறிகொடுத்த புதுக்கோட்டைப் பெண் சாந்தி சௌந்தர்ராஜனை நினைக்காமல் அந்தப் பாத்திரத்தைப் பார்க்க முடியாது. படம் வள்ளிமீது பரிவு கொள்கிறது. ஆனால் கதையில் அவளுடைய வேலை ஓர் ஆணை ஓடவைப்பதோடு முடிந்துவிடுகிறது.

திரைப்படத்தை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. பெண் ஓட்டக்காரியின் உடலைச் சந்தேகிக்க விளையாட்டு உலகத்திடம் கருவிகள் இருந்தன. அவள் என்ன சாப்பிட்டாள், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, காலெலும்பு வலிக்கிறதா என்று கேட்கும் வழக்கம் மட்டும் வெகு தாமதமாகத்தான் வந்தது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். பெண்ணுடல் தாங்காது என்று சொல்லி அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். அது திரும்ப வந்தது 1960இல். பெண்களுக்கான ஒலிம்பிக் மாரத்தான் 1984இல்தான் வந்தது.

1992இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிபுணர்கள் மூன்று தொல்லைகளைச் சேர்த்து ஒரு பெயர் வைத்தார்கள்: ‘பெண் விளையாட்டாளர் முக்கூட்டு’. சாப்பாட்டில் கோளாறு, மாதவிடாய் நிற்பது, எலும்பு அடர்த்தி குறைவது ஆகியவையே அந்த மூன்று. ஓடிச் செலவழிக்கும் அளவுக்குச் சாப்பிடாதபோது மூளை கருப்பைக்கும் சினைப்பைகளுக்கும் போகும் செலவைக் குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு இறங்குகிறது. எலும்பு கரைவதைத் தடுத்துவைத்திருந்த ஹார்மோன் அது. பிறகு கணுக்காலிலோ பாதத்திலோ இடுப்பிலோ மருத்துவர் ‘ஹேர்லைன் ஃப்ராக்சர்’ என்கிறார். அமெரிக்க ஓட்டக்காரி மேரி கெய்ன் 2019இல் வெளிப்படையாகப் பேசியபோது உலகம் அதிர்ந்தது. எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்கியதில் மூன்று ஆண்டுகள் மாதவிடாய் வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன என்றார் அவர்.

2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தச் சிந்தனையை விரிவாக்கியது. அடிப்படைப் பிரச்சினை ஆற்றல் பற்றாக்குறை, அது ஆண்களுக்கும் வரும் என்றது. அதன் நடுவே ஒரு கணக்கு இருக்கிறது. சாப்பிட்ட கலோரியிலிருந்து உடற்பயிற்சியில் செலவான கலோரியைக் கழித்து, கொழுப்பு நீங்கலான உடல் எடையால் வகுக்க வேண்டும். விடை கிலோவுக்கு 45 என்றால் நலம், 30க்குக் கீழே போனால் ஆபத்து. ஐம்பது கிலோ எடையில் கொழுப்பு நீங்கலாக நாற்பது கிலோ உள்ள ஒரு பெண் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 500 கலோரி செலவாகும். அன்றைக்கு அவள் 2300 கலோரி சாப்பிட வேண்டும். 1700க்குக் கீழே போனால் உடல் சேமிப்பில் கைவைக்கும்.

இந்தக் கணக்கை மணலிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். அதில் கழிக்கப்படுவது ‘உடற்பயிற்சி’ மட்டுமே. லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து மூன்றாம் மாடிக்கு ஏற்றுவது, ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்வது, வீட்டுக்கு வந்து அரைத்து, துவைத்து, கழுவுவது எதற்கும் அங்கே இடமில்லை. வீட்டு வேலையை வேலையாகக் கணக்கில் எடுக்காத பொருளாதாரத்தைப் பெண்ணியம் பல காலமாகக் கேள்வி கேட்டுவருகிறது. அதே விடுபடல் விளையாட்டு மருத்துவத்தின் சூத்திரத்திலும் இருக்கிறது.

இன்னொரு விடுபடலும் உண்டு. குறைவாகச் சாப்பிடுவது ஓட்டக்காரியின் விருப்பம் அல்லது மனநோய் என்ற பார்வையில்தான் 1992இன் பெயர் பிறந்தது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு, சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் வழக்கத்துக்கு அதில் சொல்லே கிடையாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. இப்படிப்பட்ட உடல்களிடம்தான் ‘வெறும் வயிற்றில் ஓடு, சோற்றை விடு’ என்ற அறிவுரை வந்து சேர்கிறது. நகரத்து மேல்தட்டு ஓட்டக்காரருக்கு அது ஒரு பரிசோதனை. ஏற்கெனவே குறைவாக உண்பவளுக்கு அது எலும்பிலிருந்து எடுக்கும் கடன்.

காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடுமையாக மாசடைந்ததாகப் பட்டியலிட்ட தொழிற்பகுதிகளில் மணலியும் ஒன்று. ஹைதராபாத்தை ஒட்டிய 28 கிராமங்களில் 3700க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், நுண்துகள் மாசு அதிகமுள்ள இடங்களில் வாழ்ந்தவர்களின் இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்புத் தாது குறைவாக இருந்தது. சென்னை மாரத்தான் நேப்பியர் பாலத்திலிருந்து தெற்கு நோக்கிப் போகிறது. சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் இருக்கும் வடக்குப் பக்கம் அது திரும்புவதில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. ‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஓட்டம்?’ என்று கேட்கக் காத்திருப்பவர்களுக்கு இது வசதியாகிவிடும். 1928இன் குரல் அது. உண்மை வேறு. போதுமான உணவோடு ஓடினால், தரையில் மோதும் ஒவ்வோர் அடியும் எலும்பை வலுப்படுத்தும். எலும்பின் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுவதால், பள்ளி கல்லூரிப் பெண்கள் ஓடவும் வேண்டும், நிறையச் சாப்பிடவும் வேண்டும். வயதுவந்த பெண்ணுக்கு நாளுக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் நிர்ணயித்தது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலிக் கருவாடு காசிமேட்டிலும் எண்ணூரிலும் புதிய பொருளல்ல. ஆனால் கேழ்வரகும் கருவாடும் முதலில் அவள் தட்டுக்கு வர வேண்டும்.

மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால் ‘நல்ல பயிற்சி’ என்று பாராட்டும் பயிற்சியாளரை நம்ப வேண்டாம். அது மருத்துவரிடம் போகவேண்டிய அறிகுறி. எலும்பில் ஒரே இடத்தில், விரல் வைத்துக் காட்டும்படி வலித்தால், ஓடுவதை நிறுத்திப் பரிசோதிக்க வேண்டும். இவை தனிப்பெண்ணின் எச்சரிக்கைகள். இவற்றை அவள் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. பள்ளி மைதானத்தில் பயிற்சிக்குப் பிறகு சாப்பாடு, பயிற்சியாளருக்கு மாதவிடாய் பற்றிய அறிவு, அரசு மருத்துவமனையில் எலும்பு அடர்த்திப் பரிசோதனை, சுவாசிக்கத் தகுந்த காற்று ஆகியவை விளையாட்டுக் கொள்கையின் பகுதியாக வேண்டும்.

வள்ளிகளைப் பயிற்சியாளர்களாக மட்டும் காட்டும் கதைகள் நமக்குப் போதும். அவர்கள் ஓடட்டும். ஓடும் முன் சாப்பிட்டார்களா என்று யாராவது கேட்கட்டும்.