மலைக்கு ஏற்ற பைனாகுலர்

மலைக்காட்டில் பறவை வேட்டையாடியவர்கள் எடை குறைந்த துப்பாக்கியையே விரும்பினார்கள். நாளெல்லாம் சுமக்க வேண்டும். புதரிலிருந்து கோழி எழும்பிய கணத்தில் அது தோளில் இருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுக்கோழியைச் சுடுவது குற்றம். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போகும் பறவைப் பிரியர் கையில் இருப்பது பைனாகுலர். அதைத் தேர்ந்தெடுக்கும் விதி மட்டும் மாறவில்லை: இலகுவாக இருக்க வேண்டும், சட்டென்று கண்ணுக்கு வர வேண்டும்.

நான் சொல்வது 8×32: 8 மடங்கு பெரிதாக்கும், முன்வில்லையின் விட்டம் 32 மில்லிமீட்டர். பெரும்பாலும் 500 முதல் 600 கிராம்தான் இருக்கும். 10 மடங்கு பெரிதாக்குவதை வாங்கினால் பறவையோடு கைநடுக்கமும் பெரிதாகும். பார்வைப் பரப்பும் சுருங்கும். 32-ஐ 8-ஆல் வகுத்தால் 4. அத்தனை மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றை கண்ணுக்கு வரும். காலை வெளிச்சத்துக்கு அது தாராளம். மேகம் தவழும் மலை என்பதால் நைட்ரஜன் அடைத்த, நீர் புகாத குழலே நல்லது. உள்ளே ஆவி படியாது.

காபித் தோட்டத்து ஓரம் சாம்பல் காட்டுக்கோழிச் சேவல் வந்து நின்றால் கழுத்தைப் பாருங்கள். ஒவ்வோர் இறகு நுனியிலும் மெழுகு சொட்டியதுபோல் மஞ்சள் புள்ளி மின்னும். மேலைநாட்டுத் தூண்டில்களை அலங்கரிக்க இந்த இறகுக்காகவே எத்தனையோ சேவல்களைக் கொன்றார்கள். நல்ல வில்லை இருந்தால் அந்த அழகு முழுவதும், உயிரோடு, நமக்குக் கிடைக்கிறது. மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதைக் கழற்றாமலே கடையில் பைனாகுலர் வழியே பார்த்து வாங்குங்கள்.